உலகம் அழிஞ்ச பிறகு பாட்டு எதுக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்த பிறகு நிதானமாகப் படியுங்கள். "டீச்சர் மறுபடியும் சினிமாவைப் பத்தி எழுத ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒருவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

லீவுக்கு வந்த பேத்தி ஒரு இங்கிலீஷ் படம் போட்டுக் காட்டினாள். பெயர் 'தி எண்ட்'. 2024-ல் வந்தது. பூமிக்கு அடியில் ஒரு உப்புச் சுரங்கம். மேலே உலகம் அழிந்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. எண்ணெய்த் தொழிலில் சம்பாதித்த ஒரு பணக்காரக் குடும்பம் மட்டும் சுவர் நிறைய ஓவியங்களோடு உள்ளே சௌக்கியமாக இருக்கிறது. மகன் அங்கேயே பிறந்தவன். ஒரு நாள் வெளியிலிருந்து ஒரு பெண் வந்து சேர்கிறாள். இதில் விசேசம் என்னவென்றால் இவர்கள் எல்லோரும் பாடுகிறார்கள். அப்பா பாடுகிறார், அம்மா பாடுகிறார், மகன் பாடுகிறான். இரண்டரை மணி நேரம்.

பாதியிலேயே எங்கள் வீடு இரண்டாகிவிட்டது. மாப்பிள்ளை, "ஏனுங்க அத்தை, உலகமே அழிஞ்சு போச்சு, இவங்க பாட்டுப் பாடிட்டு இருக்காங்க. இதெல்லாம் ஒரு படமுங்களா?" என்று எழுந்து போய்விட்டார். பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். குடும்ப வாட்ஸப் குரூப்பில் இரண்டு நாள் இதே பேச்சு. வெளிநாட்டிலும் இதே கதைதானாம். சிலர் தலையில் தூக்கி வைத்தார்கள், சிலர் பாதியில் எழுந்து போனார்கள் என்று பேத்தி சொன்னாள்.

நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. எனக்கு 2010 பொங்கல் ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பொங்கலுக்கு, ஜனவரி 14-ம் தேதி, செல்வராகவன் எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்' வெளியானது. உங்களில் பாதிப்பேர் அப்போது என் வகுப்பில் உட்கார்ந்திருந்தீர்கள். நம்மூருக்கு அந்தப் பெயரில் ஒரு பாசம் உண்டு. 1965-ல் பந்துலு எடுத்த எம்.ஜி.ஆர். படத்துக்கும் அதே பெயர். அதில் நம் தாராபுரத்து நாகேஷும் இருந்தார். நாகேஷ் இறந்து அப்போதுதான் ஒரு வருசம் ஆகப் போகிறது. எங்கள் வீட்டுக்காரர் எம்.ஜி.ஆர். ரசிகர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயரைப் பார்த்ததுமே அத்தை, கொழுந்தனார் குடும்பம், குழந்தைகள் என்று பதினோரு பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். கப்பல், கத்திச் சண்டை, வெற்றி வேல் வீர வேல் என்று ஏதோ ஒன்றை எதிர்பார்த்து வீட்டு முறுக்கோடு போய் உட்கார்ந்தோம்.

முதலில் சரியாகத்தான் போயிற்று. கப்பலில் கார்த்தி அந்தப் பழைய எம்.ஜி.ஆர். பாட்டுக்கு ஆடியபோது வீட்டுக்காரர் விசிலே அடித்தார். அப்புறம் படம் வேறு எங்கேயோ போய்விட்டது. நாட்டை இழந்து ஓடிய சோழர்களின் வாரிசுகள் பல நூறு வருசமாக யாருக்கும் தெரியாத ஒரு இடத்தில், குகை இருட்டில், பசியும் பட்டினியுமாகக் கிடக்கிறார்கள். தஞ்சையிலிருந்து தூதன் வருவான், அழைத்துப் போவான் என்று காத்திருக்கிறார்கள். பார்த்திபன் அவர்களுக்கு ராஜா. அவர்கள் பேசுகிற தமிழ் தியேட்டரில் யாருக்கும் புரியவில்லை. "இது தெலுங்குங்களா, மலையாளமுங்களா?" என்று பின் வரிசையில் கேட்டார்கள். ரத்தம் வேறு. சின்னக் குழந்தை வீரிட்டு அழுதது. அத்தை, "நல்ல நாளும் அதுவுமா இதென்ன சாமி கண்றாவி" என்று எழுந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டோம். முறுக்கு அப்படியே திரும்பி வந்தது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு. முழு ஆண்டுத் தேர்வுக்குள் பாடத்தை முடிக்கிற அவசரத்தில் நான் இருக்கிறேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கை தூக்கினான். அதுவரை அவன் கை தூக்கி நான் பார்த்ததில்லை.

"டீச்சர், 1279-ல சோழர் ஆட்சி முடிஞ்சு போச்சுன்னு சொன்னீங்க. அந்தச் சனமெல்லாம் எங்கீங்க டீச்சர் போனாங்க?"

எதனால் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. "படம் பார்த்தியா?" என்றேன். "ரெண்டு தடவைங்க டீச்சர்" என்றான். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மனுசங்க பாதியில எந்திரிச்சு வந்த படத்துக்கு இவன் ரெண்டு தடவை போயிருக்கான். அதெல்லாம் போர்ஷன்ல இல்லை. உட்கார்ந்து மேப் வரைஞ்சு பழகு." வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

இனி 2021.

அந்த வருசம் மே மாதம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூரும் திருப்பூரும் பட்ட பாட்டில் உங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு பங்கு இருக்கும். எங்கள் அத்தை அப்போதுதான் போனார். சுற்றுவட்டாரத்தில் எந்த எழவு வீடானாலும் ஒப்பாரி வைக்க அத்தையைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். இறந்தவர் நட்ட தென்னை, வெட்டின கிணறு, கட்டின மாடு எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். முன்பின் தெரியாதவருக்கும் அழுகை வரும். அப்படி ஊருக்கே பாடின மனுசிக்குப் பாட ஆளில்லை. முகத்தைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. உறை போட்ட நாலு பேர் எடுத்துப் போனார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். சத்தமே இல்லை. இன்றைக்கும் அந்தத் துக்கத்தில் எனக்குப் பெரிதாக நிற்பது அந்தச் சத்தம் இல்லாததுதான்.

அந்த டிசம்பர் 31-ம் தேதி 'ஆயிரத்தில் ஒருவன்' மறுபடி தியேட்டருக்கு வந்தது. மகள் கோயம்புத்தூரில் டிக்கெட் எடுத்து, முகக்கவசம் போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள். நிறைய இளவட்டங்கள். பதினொரு வருசத்துக்கு முன்னால் நாங்கள் எழுந்து வந்த இடத்துக்குக் கைதட்டினார்கள். பார்த்திபன் வரும்போது விசில் காதைப் பிளந்தது. நான் இந்தத் தடவை எழுந்து வரவில்லை.

முழுதாகப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. இது புதையல் தேடிப் போகிற கதை மாதிரி ஆரம்பித்தாலும், உலகம் அழிந்த பிறகு மிச்சமிருக்கிறவர்களின் கதை. அவர்களுடைய உலகம் என்றைக்கோ எரிந்து முடிந்துவிட்டது. நிலமில்லை, ஆறில்லை, சோறில்லை. இருப்பது தஞ்சை என்கிற ஒரு பேரும், பாட்டும், கூத்தும்தான். ஜி.வி. பிரகாஷ் இசையில் விஜய் யேசுதாசும் நித்யஸ்ரீயும் பாடுகிற பாட்டும், பி.பி. ஸ்ரீனிவாசும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடுகிற பாட்டும் 2010-ல் எனக்குப் படத்தை நிறுத்தி வைக்கிற இடைஞ்சலாகத் தெரிந்தன. இப்போது அந்தச் சனத்துக்கு வேறு என்ன மிச்சம் என்று தோன்றிற்று. கடைசியில் ராணுவம் வந்து அவர்களை அழிக்கிற காட்சி. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நடந்தது முடிந்து எட்டு மாதத்தில் வந்த படம் இது. அதை நினைக்காமல் அந்தக் காட்சியைப் பார்க்க என்னால் முடியவில்லை. பலரும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளையின் கேள்விக்கு இப்போது வருகிறேன். உலகம் அழிந்த பிறகு பாட்டு எதற்கு?

நாம் கொங்கு நாட்டுக்காரர்கள். இந்தக் கேள்வியை நாம் கேட்கவே கூடாது. அண்ணன்மார் கதை தெரியாத வீடு இங்கே உண்டா? பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுகிறார்கள். தங்காள் காட்டுக்குள் அழுதுகொண்டே தேடிப் போகிறாள். உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுவார்கள். 1965-ல் பிரெண்டா பெக் என்கிற மானிடவியல் ஆய்வாளர் நம் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி அந்தப் பாட்டு முழுவதையும் நாடாவில் பதிவு செய்தார். பல இரவுகள் நடந்த பாட்டு. முடிவு எல்லோருக்கும் தெரியும். நாயகர்கள் சாகப் போகிறார்கள் என்று தெரிந்துதான் போர்வையோடு போய் உட்கார்ந்தார்கள் நம் ஆட்கள். படுகளத் திருவிழாவில் ஆட்கள் நிஜமாகவே விழுந்து கிடப்பதையும், தீர்த்தம் தெளித்து எழுப்புவதையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். யாராவது எழுந்து "குடியே அழிஞ்சு போச்சு, எதுக்கு உடுக்கை அடிக்கறீங்க?" என்று கேட்டார்களா?

அத்தை கேட்டதில்லை. அண்ணன்மார் கதையை விடிய விடியக் கேட்டவர் அவர். தியேட்டரில்தான் எழுந்து வந்தார். அதனால் குறை அத்தையிடம் இல்லை என்பது என் கருத்து. கோயில் திடலில் என்ன வரப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும், அதற்கு மனசு தயாராக இருக்கும். பொங்கலன்றைக்குப் பேரன் பேத்தியோடு சந்தோசமாகச் சிரிக்கப் போன இடத்தில் எழவு வீட்டைத் திறந்து காட்டினால் யார்தான் எழுந்து வரமாட்டார்கள்?

இதனால்தான் இப்போது இளைஞர்கள் பேசுகிற ஒரு பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. "காலத்தை மீறிய படம், 2010-ல் பார்த்தவங்களுக்கு அறிவில்லை" என்று எழுதுகிறார்கள். என் பழைய மாணவர்கள் சிலரே எழுதியதைப் பார்த்தேன். கண்ணுகளா, அப்படிச் சொல்லாதீர்கள்.

படத்தில் குறைகள் உண்டு. இரண்டாம் தடவை பார்த்தபோதும் அவை அங்கேயேதான் இருந்தன. சில இடங்களில் யார் யாரை எதற்காக வஞ்சம் தீர்க்கிறார்கள் என்பதே தெளிவாக இல்லை. சில காட்சிகள் பெண்கள் முகம் சுளிக்கிற மாதிரி. முதல் பாதி ஒரு படம், இரண்டாம் பாதி இன்னொரு படம். விளம்பரமும் வினை செய்தது. 18 கோடியில் எடுத்த படத்தை 32 கோடி என்று சொல்லிப் பெரிதாகக் காட்டியது முட்டாள்தனம் என்று செல்வராகவனே 2021-ல் ட்விட்டரில் ஒப்புக்கொண்டார். போட்ட முதல் வந்தும் சுமாரான படம் என்று பெயராகிவிட்டதாம். பெரிய சரக்கு என்று கூவி விற்றால் வாங்குகிறவன் அந்த எடைக்குத்தான் தராசு பிடிப்பான். சந்தைக்குப் போகிற நமக்கு இது தெரியாதா?

காசு கொடுத்துப் போனவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முழு உரிமை உண்டு. எழுந்து வருகிற உரிமையும் உண்டு. அத்தை அதைத்தான் செய்தார். வீட்டுக்கு வந்து கரும்பு கடித்தார், அதோடு மறந்துவிட்டார். பிடித்தவர்களை அவர் ஏளனம் செய்யவில்லை.

ஏளனம் செய்தது நான். பாதிப் படம்தான் பார்த்திருந்தேன். அதை முழுதாக இரண்டு தடவை பார்த்த ஒரு பையனை நாற்பது பேர் நடுவில் சிரிக்க வைத்து உட்கார வைத்தேன். எனக்குப் புரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, நான் எழுந்து வந்ததையே படத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணாக ஆக்கிவிட்டேன். விடைத்தாளில் பாதிப் பக்கம் படித்துவிட்டு மார்க் போடுகிற வாத்தியாரை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். மூலனூர்ப் பக்கம் நன்றாக இருக்கிறான். முருங்கைக் காடு, இரண்டு குழந்தைகள். பந்தியில் எனக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "டீச்சர், அதுக்கப்புறம் எந்த வகுப்புலயும் நான் கை தூக்கலீங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். குறை சொல்கிற முகமே இல்லை. பக்கத்து இலைக்குப் போய்விட்டான். எனக்கு அந்தச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்து நாலு வருசம் பாடம் நடத்தினேன். பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைத்தேன் என்றுதான் பிரிவு உபசார விழாவில் எல்லோரும் பேசினார்கள்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பெயர் போடவில்லை. மன்னித்துக்கொள் சாமி. உன் கேள்விக்கு அன்றைக்கே என்னிடம் பதில் இருந்தது. இப்போது சொல்கிறேன்.

சோழர் ஆட்சி 1279-ல் ஒரே நாளில் முடியவில்லை. அதற்கு அறுபது வருசத்துக்கு முன்பே முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறையூரையும் தீயிட்டான். மாடங்களையும் மண்டபங்களையும் இடித்ததை அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு உலகம் அன்றைக்கு அழிந்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் சனம் எங்கேயும் ஒளிந்து போய்விடவில்லை. குகையில் சோழர் இருந்தது சினிமாக் கற்பனை. உழுகிறவர்கள் அதே வயலில்தான் உழுதார்கள். ஏரி மதகை அதே ஊர்க்காரர்கள்தான் திறந்து மூடினார்கள். கோயிலில் கல்வெட்டு வெட்டுவதும் நிற்கவில்லை, ராஜா பெயர் மட்டும் மாறிற்று. வரி வாங்குகிறவன் மாறினான், கொடுக்கிறவன் அவனேதான். நம் கொங்கு நாடும் அப்படித்தான் கொங்குச் சோழர், பாண்டியர், போசளர், விசயநகரம் என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு இன்றைக்கும் அமராவதித் தண்ணீரில் நெல் நட்டுக்கொண்டிருக்கிறது. ராஜ வம்சம் முடியும், குடியானவன் வம்சம் முடியாது. இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிசம் ஆகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பாண்டியன் எல்லாவற்றையும் இடித்தபோது ஒரு பதினாறு கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் ஒன்று சொல்கிறது. அது சோழன் கரிகாலன், பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கொடுத்த மண்டபமாம். ஊரே எரிந்தபோது ஒரு பாட்டுக்குக் கொடுத்த கட்டடம் நின்றது என்று அடுத்து வந்தவர்கள் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வருசா வருசம் இந்தக் கதையை வகுப்பில் சொன்னவள் நான். மாப்பிள்ளை கேட்ட கேள்விக்கு இதை விட எனக்கு வேறு பதில் தெரியாது.

பேத்தி காட்டின இங்கிலீஷ் படத்துக்கும் நம் படத்துக்கும் ஒரு வித்தியாசம் சொல்லி முடிக்கிறேன். அந்தச் சுரங்கத்துப் பணக்காரர்கள் தாங்கள் செய்ததை மறப்பதற்காகப் பாடுகிறார்கள். நாங்கள் நல்லவர்கள், சந்தோசமாக இருக்கிறோம் என்று பாடிப் பாடித் தங்களையே நம்ப வைக்கப் பார்க்கிறார்கள். நம் படத்துச் சனம் மறக்காமல் இருப்பதற்காகப் பாடுகிறது. அத்தை வைத்த ஒப்பாரியும் அப்படித்தான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. மாப்பிள்ளைக்கு இரண்டுமே பிடிக்காமல் போகலாம். அதனால் அவர் ஒன்றும் குறைந்தவர் ஆகிவிட மாட்டார். ஆனால் பேத்தி அழுதுகொண்டு பார்க்கும்போது டிவியை நிறுத்தச் சொல்லவில்லை பாருங்கள், அவர் பாட்டுக்கு எழுந்து போனார். அந்த அளவுக்காவது நாம் எல்லோரும் இருந்தால் போதும். அன்றைக்கு நான் அப்படி இருக்கவில்லை.

இதைப் படிக்கிற ஆசிரியர்கள் என் மாணவர்களிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். போர்ஷனில் இல்லாத கேள்வியை யாராவது கேட்டால், பதில் தெரியாவிட்டால் "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன் கண்ணு" என்று சொல்லுங்கள். தெரிந்தால் அந்த ஐந்து நிமிசத்தைக் கொடுத்துவிடுங்கள். பாடம் எப்படியும் முடிந்துவிடும்.

உங்களில் யார் யார் அந்தப் பொங்கலுக்கு எழுந்து வந்தீர்கள், யார் கடைசி வரை உட்கார்ந்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். என்னைத் திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள். எழுத்துப் பிழை மட்டும் இருக்கக் கூடாது.

வாழ்க வளமுடன்.